திரும்பி வந்த துண்டுகள்

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அப்பா நலம், நான் நலம். அத்தைக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. உன் குதிகால் வலி எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் பேசலாமே என்பாய். இருப்பதே இரண்டு அறை. நான் பேசினால் அப்பாவுக்கும் அத்தைக்கும் கேட்கும். அவர்களைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டியிருக்கிறது.

அப்பா வெளிக்கதவுக்குப் பூட்டு வாங்கிவிட்டார். மத்தியானம் சாப்பிட வந்துவிட்டு அவர் மறுபடியும் வேனை எடுக்கும் நேரத்தில்தான் அத்தைக்குப் பரபரப்பு தொடங்குகிறது. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளுக்கு எப்போதும் மதிய ஷிப்டுதானே. வேலையை விட்டு இத்தனை நாளாகியும் அந்த நேரம் வந்தால் செருப்பைத் தேடுகிறாள். போன சனிக்கிழமை நான் வீட்டில் இருந்தபோது நடந்ததைக் கேள்.

"தள்ளுடா. டூட்டிக்கு நேரமாச்சு."

"இன்னிக்கு உனக்கு லீவுக்கா."

"லீவா? அங்க லீவு குடுக்கற ஆளே நான்தான். எனக்கு யாருடா குடுத்தது?"

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் நான் பள்ளிக்குப் போகிற நாட்களில் பூட்டிவிட்டுத்தான் போகிறார். நான் வந்து திறக்கும்போது அத்தை பையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருக்கிறாள். நேற்று, "இந்தக் கதவு ஏன் தெறக்க மாட்டேங்குது?" என்று கேட்டாள். "மழையில ஊறி இறுகிப் போச்சு அத்தை" என்றேன். மழை பெய்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்குத் தெரியாதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். பிறகு அப்படி நினைத்தது பிடிக்கவில்லை.

நீ வேலை பார்க்கும் காப்பகத்தில் ஞாபகம் போனவர்களுக்கும் தினம் ஏதாவது வேலை கொடுக்கிறார்களாமே. "இவளும் அங்க இருந்தா நிம்மதியா இருப்பா" என்று அப்பா இரண்டு தடவை சொல்லிவிட்டார். எனக்கு அது வேண்டாம். அத்தை இங்கேயே இருக்க வேண்டும், பூட்டும் இல்லாமல் இருக்க வேண்டும். நூலகத்தில் மூளையைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் எடுத்தேன். நோயைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாக இருக்கிறது. மத்தியானம் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. அதை நீ எழுது.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும் தங்கை.


ஜூன் 24

என் புத்தகப் புழுவுக்கு,

நான் சௌக்கியம். குதிகால் வலிக்குச் செருப்பை மாற்றினேன், வலி கணுக்காலுக்குக் குடிபோயிருக்கிறது. நீ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படி.

இங்கே காலையில் ஓர் அம்மா பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். இன்னொருவர் அவரைக்காய்க்கு நார் எடுப்பார். வாத்தியார் என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவர் இருக்கிறார், கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். அவருக்குத் துண்டு மடிக்கும் வேலை. கூடை காலியானதும், "முடிச்சாச்சு, பரிசோதகர் வரலாம்" என்பார். கை எதையாவது செய்துகொண்டிருந்தால் கால் வாசலுக்குப் போகாது. இதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

அத்தைக்குத் துண்டைக் கொடு. அவளைவிட யாருக்கு அது நன்றாக வரும்? இங்கே எங்கள் கூடை எப்போதும் நிறைந்தே இருக்கும். நீயும் அப்படிப் பார்த்துக்கொள்.

அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே. வேனை ஓட்டுகிறவருக்கு மனசு வீட்டில் இருந்தால் ஆபத்து.

மூவருக்கும் என் அன்பு. அக்கா.


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கணுக்கால் எங்கள் எல்லோருடைய பிரார்த்தனையிலும் இருக்கிறது. நாங்கள் நலம், இந்தத் தடவை உண்மையாகவே நலம்.

துண்டு வேலை செய்கிறது. நம் வீட்டில் இருந்ததோடு எதிர்வீட்டில் கேட்டு வாங்கியதையும் சேர்த்து ஒரு கூடை நிரப்பினேன். அத்தை அதைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகினாள். அவள் மடிப்பதை நீ இப்போது பார்க்க வேண்டும். ஓரம் உள்ளே போகிறது, உள்ளங்கையால் ஒரே தேய்ப்பு, அவ்வளவுதான். பத்துத் துண்டுக்கு ஒன்றைக் குறுக்காக வைக்கிறாள். ஏன் என்று கேட்டேன். "நர்சு அவசரத்துல எண்ணிட்டு நிப்பாளா? குறுக்கே இருக்கறது வரைக்கும் அள்ளிட்டு ஓடுவா" என்றாள். என் பெயர் அன்றைக்கு அவளுக்கு வரவில்லை. நர்சின் அவசரம் மட்டும் நேற்று நடந்தது போல இருக்கிறது.

ஒரே சிக்கல், நிமிஷத்தில் முடித்துவிடுகிறாள். முடித்ததும் செருப்பு. அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டேன். காலையில் அவள் குளிக்கப் போனதும் எல்லாவற்றையும் பிரித்து, உதறி, கூடையில் போட்டுவிடுகிறேன். பள்ளிக்குக் கிளம்பும்போது கூடை நிரம்பியிருக்கிறது. அவளுக்குத்தான் நேற்றைய வேலை நினைவில்லையே. நான் மாலையில் வந்து பூட்டைத் திறக்கும்போது இப்போதெல்லாம் பை அவள் மடியில் இல்லை.

அப்பா கூடையைப் பார்த்துவிட்டு, "உங்க அக்காகிட்ட கேட்டியா? அந்த இடத்துல விஷயம் தெரிஞ்சவங்கதான் இருக்காங்க" என்றார். நான் உன்னைப் புகழ, அவர் அந்த இடத்தைப் புகழ்கிறார். எனக்கு இது பிடிக்கவில்லை.

வெற்றி பெற்ற, ஆனால் சும்மா இருக்க முடியாத, உன் புழு.


ஜூலை 19

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. அத்தை அமைதியாக இருப்பது சந்தோஷம்.

பிரிக்கும்போது அவள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள். வேறொன்றும் இல்லை.

இங்கே மழை. இரவு உணவுக்குப் பிறகும் எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது, அதனால் நீளமாக எழுத முடியவில்லை. பரீட்சைக்குப் படி. அப்பாவை முடி வெட்டிக்கொள்ளச் சொல்.

அக்கா.


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நாங்கள் நலமாக இல்லை.

போன வாரம் அத்தையின் விரல்கள் சிவந்து தோல் உரிந்திருப்பதைப் பார்த்தேன். கூடையிலிருந்த துண்டுகள் ஈரமாக இருந்தன. மெஷினை நம்பாமல் கையாலேயே துவைத்திருக்கிறாள். ஏன் அத்தை என்றேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் காதோடு சொன்னாள். "தெனம் ரிட்டர்ன் வருதுடி. வார்டுல பிரிச்சுப் பாத்துட்டுத் திருப்பி அனுப்பறாங்க. எதுல கறைன்னு எனக்குத் தெரியல. கண்ணு சரியில்லையோ என்னவோ."

அப்போதுதான் புரிந்தது. அவர்கள் சலவைப் பிரிவில் கட்டு பிரிந்து வந்தால் ஒரே அர்த்தம்தான். வார்டு அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மறுபடி துவைக்க வேண்டும், மடித்த ஆள் பதில் சொல்ல வேண்டும். அந்தந்த நாள் நடந்தது அவளுக்கு மறந்துவிட்டது. ஆனால் திருப்பி அனுப்பினார்கள் என்ற வருத்தம் மறக்கவில்லை, அது மட்டும் கூடிக்கொண்டே போயிருக்கிறது. இதை அந்தத் தடித்த புத்தகம் சொல்லவில்லை. நானும் யோசிக்கவில்லை.

அன்றே நிறுத்தினேன். ஆனால் நேரம் கடந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அப்பா பூட்ட மறந்துவிட்டார். அத்தை ஈரத் துண்டுகளை இடுப்பில் சுமந்துகொண்டு பெரிய சாலையைக் கடந்து ஆஸ்பத்திரியின் பின் கேட்டுக்கே போய்விட்டாள். சலவைப் பிரிவு இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. காவலாளியிடம், "பெரிய நர்சம்மாவைக் கூப்பிடுங்க, எங்க தப்புன்னு காட்டச் சொல்லுங்க, திருத்திக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். நம் வீட்டுக்குக் கீழே சலூன் வைத்திருக்கும் அண்ணன், அவள் போவதைப் பார்த்து, பாதி ஷேவிங்கில் ஒருவரை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடியிருக்கிறார். அவர்தான் அப்பாவுக்குப் போன் செய்தார்.

அப்பா வேனில் அவளை அழைத்து வந்து, செருப்பைக் கழற்றி, காலைத் துடைத்துவிட்டார். பிறகு உன் காப்பகத்துக்குப் போன் செய்தார். செப்டம்பரில் ஒரு கட்டில் காலியாகிறதாம். நோய் முற்றிவிட்டது என்று நினைக்கிறார். முற்றவில்லை அக்கா. அது நான் செய்தது. அப்பாவிடம் சொல்ல இரண்டு தடவை வாயைத் திறந்தேன், இரண்டு தடவையும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. உங்கள் கூடை எப்போதும் நிறைந்தே இருக்கும் என்றாயே. எப்படி நிறைகிறது?

உன் தங்கை.


ஆகஸ்ட் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தபால்காரர் வந்தால் நான் படியிறங்கி ஓடுகிறேன். மின்சார வாரியத்திலிருந்து மட்டும்தான் தவறாமல் எழுதுகிறார்கள்.

காப்பகத்திலிருந்து பேசினார்களாம். துணிகளில் எண் போட்டுக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் கலந்துவிடும் என்றார்களாம். அப்பா மார்க்கர் பேனா வாங்கி வந்தார். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "இது ரெண்டு தொவைப்புல போயிடும், யாருடா உனக்கு வேலை கத்துக்குடுத்தது?" என்று அதட்டினாள். சிவப்பு நூல் எடுத்துத் தன் துணிகளில் தானே எண் தைக்கிறாள். அது அவளை அனுப்புவதற்கான எண் என்று தெரியாமல், கழுத்துக்குப் பின்னால் உறுத்தாத இடமாகப் பார்த்து, சின்னச் சின்னத் தையலாகப் போடுகிறாள். ஒன்றை என்னிடம் காட்டி, "எப்படி இருக்கு?" என்றாள். ரொம்ப நல்லா இருக்கு அத்தை என்றேன். அப்பா எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

அம்மா போன பிறகு நமக்குத் தலை வாரிவிட்ட கைகள் அவை. ஒரு வரியாவது எழுது.

புழு.


ஆகஸ்ட் 23

அன்புள்ள தங்கைக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. கடிதம் எழுதாததற்கு அது காரணம் இல்லை.

கூடையை நான்தான் நிரப்புகிறேன். இரவு உணவுக்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் வேலை என்று எழுதினேனே, அதுதான் இது. எல்லோரும் படுத்ததும் மடித்ததைப் பிரிக்க வேண்டும். "நாளைக்குத் தயார் பண்றது" என்று இதற்கு இங்கே பெயர். குளியலறையில் பயன்படும் துண்டுகள் வெளியிலிருந்து மடித்தே வருகின்றன. வாத்தியார் மடித்த துண்டில் இதுவரை யாரும் முகம் துடைத்ததில்லை.

ஜூலையில் ஒரு நாள் அவர் தண்ணீர் குடிக்க எழுந்து வந்துவிட்டார். நான் பிரித்துக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "தப்பாப் போட்டுட்டேனாம்மா?" என்றார். இல்லை சார், இது வேற கூடை என்றேன். உன் ஜூலைக் கடிதம் அதற்கு மறுநாள் வந்தது. பதில் எழுதும்போது எனக்கு உன்னைப் பாராட்டவும் வரவில்லை, தடுக்கவும் வரவில்லை.

இந்த இடம் கெட்ட இடம் இல்லை. சுத்தம் இருக்கிறது, டாக்டர் வருகிறார், யாரும் யாரையும் அதட்டுவதில்லை. ஆனால் அத்தை இங்கே வந்தால் அவள் கட்டை நான்தான் தினமும் பிரிக்க வேண்டியிருக்கும். என்னால் முடியாது. இதையெல்லாம் அப்பாவுக்குத் தனியாக எழுதிவிட்டேன். உன் பங்கை நீயே சொல்லிவிடு, நான் சொல்லவில்லை.

துண்டை நிறுத்தாதே. யாராவது உண்மையில் துடைத்துக்கொள்ளும் துண்டாகத் தேடு.

அக்கா.


ஆகஸ்ட் 30

மகளுக்கு அப்பா எழுதுவது,

நலம். நலமறிய ஆவல். எனக்கு வேன் ரசீதைத் தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை.

உன் கடிதத்தைச் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டுப் படித்தேன். வீட்டுக்கு வந்ததும் உன் தங்கை தானாகவே எல்லாவற்றையும் சொன்னாள். அவளை நான் திட்டவில்லை. பூட்டு வாங்கியவன் துண்டு பிரித்தவளைத் திட்ட என்ன இருக்கிறது.

எனக்கும் என் அக்காவை அனுப்ப ஆசை இல்லை. சாலையில் அவள் நின்றதை நீ பார்க்கவில்லை. லாரிகள் போகிற சாலை. அதனால் கட்டிலை வேண்டாம் என்று சொல்லவில்லை, அக்டோபர் முடியும் வரை வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை உன் தங்கை என்ன செய்கிறாளோ செய்யட்டும். மறுபடி ஒரு தடவை என் அக்கா வெளியே போனால் நான் யார் பேச்சையும் கேட்க மாட்டேன்.

நேரத்துக்குத் தூங்கு.

அப்பா.


செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதிய கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தேன். ஒரு விடுதியில் கேட்டேன், முடியாது என்றார்கள். பல் டாக்டரிடம் கேட்டேன், அவர் காகிதத்தில் துடைக்கிறாராம். சோர்ந்துபோய் வீடு திரும்பும்போது சலூன் அண்ணன் துண்டை உதறிக் கம்பியில் போட்டுக்கொண்டிருந்தார். நாய் வாயிலிருந்து பிடுங்கியது போல இருந்தது. தினம் அதைத் தாண்டித்தான் படியேறுகிறேன். புத்தகத்தை மூக்கோடு வைத்துக்கொண்டு நடந்தால் இப்படித்தான் என்று நீ சொல்வாய்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உடனே ஒரு மூட்டையோடு மேலே வந்துவிட்டார்.

"அக்கா, கஸ்டமருங்க திட்டறாங்க. கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்."

அத்தை ஒன்றை விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். "இதுலயா மூஞ்சி தொடைக்கறே?"

"ஆமாக்கா."

"திட்டறதோட விட்டாங்களே."

அவர் சிரித்த சிரிப்பில் அத்தைக்கும் சிரிப்பு வந்தது. பிறகு மூட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு பிரித்தாள். மூட்டை முழுக்கத் தலைமுடி, சோப்பு நுரை காய்ந்த கறை. நான் பயந்துகொண்டே பார்த்தேன். அழுக்கைப் பார்த்து மறுபடி தன் தப்பு என்று நினைத்துவிட்டால்? அவள் முகம் தெளிந்துகொண்டே போயிற்று. "இது ரிட்டர்ன் இல்லடி. வேலை பாத்துட்டு வந்திருக்கு" என்றாள்.

உதறி, ஊறவைத்து, மெஷினில் போட்டு, காயவைத்து, மடித்து, குறுக்காக ஒன்று வைத்து, மறுநாள் கட்டு கீழே போயிற்று. மாலையில் அழுக்காகித் திரும்பி வந்தது. விரல்களுக்குக் கையுறை போட்டுவிட்டேன். "ஆபரேஷனா பண்ணப் போறேன்?" என்கிறாள், ஆனால் கழற்றவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். துணி காயும் நேரத்தில் இன்னும் வாசல் பக்கம் போகிறாள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவள் என்று நினைத்து எனக்குப் புதுப்பொண்ணு என்று பெயர் வைத்திருக்கிறாள். "புதுப்பொண்ணு, மூலையைப் புடி. உன்னை யாரு சேர்த்துவிட்டது?" அப்பாதான் என்றேன். "சிபாரிசா?" என்று உதட்டைப் பிதுக்கினாள்.

அன்புடன், நிரந்தரமாகாத ஊழியை.


அக்டோபர் 3

அன்புள்ள புதுப்பொண்ணுக்கு,

நலம். சிபாரிசில் வந்தவளே, வேலையைக் கற்றுக்கொள்.

நேற்று நான் கூடையைப் பிரிக்கவில்லை. காலையில் வாத்தியாரை அழைத்துக்கொண்டு, அவர் மடித்ததை அவரே தூக்கிவர, குளியலறை அலமாரிகளில் அடுக்கினோம். மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு, வெளியிலிருந்து வருவதுதான் கிருமி போக வெந்நீரில் துவைத்தது, இதையெல்லாம் உன் இஷ்டத்துக்குச் செய்யக்கூடாது என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அப்படியானால் வெந்நீரில் துவைத்ததை மடிக்காமல் அனுப்பச் சொல்லுங்கள், நாங்கள் மடிக்கிறோம் என்றேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார். என்னை வேலையை விட்டு அனுப்புவதைப் பற்றியா, துண்டைப் பற்றியா என்று கேட்கவில்லை.

வாத்தியார் இன்று குளித்துவிட்டு வந்து, "துண்டு நல்லா இருந்துச்சு" என்றார். அதை மடித்தது தாம்தான் என்று அவருக்கு நினைவில்லை.

அத்தையை என் பங்குக்கு ஒரு தடவை கட்டிக்கொள். அக்கா.


அக்டோபர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வேலையில் இருக்கிறாயா என்பதை முதலில் எழுது. மற்ற நலமெல்லாம் அதற்குப் பிறகு. இங்கே மழை பிடித்துக்கொண்டது, கதவு உண்மையாகவே ஊறி இறுகிவிட்டது. என் பொய் இப்போதுதான் பலிக்கிறது.

மாதம் முடிகிறது, காப்பகத்துக் கட்டிலின் கெடுவும் முடிகிறது. அப்பாவிடம் கேட்கப் பயந்துகொண்டிருந்தேன். வியாழக்கிழமை பள்ளி விடுமுறை. அத்தையின் ரவிக்கையில் இருந்த சிவப்பு எண்ணைப் பிரிக்கலாமா என்று ஊசியை எடுத்தேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லாப் போட்டதை எதுக்குப் பிரிக்கறே?" அப்படியே விட்டுவிட்டேன். இனி இந்த வீட்டில் நான் எதையும் பிரிப்பதாக இல்லை. எண் அப்படியே இருக்கிறது.

அன்று காலை அப்பா கடைசியில் முடி வெட்டிக்கொண்டார். மத்தியானம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து கட்டு வந்தது. அத்தை பால்கனிக்குப் போய் ஒவ்வொன்றாக உதறினாள். ஒரு துண்டை உதறாமல் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இந்த ஆளுக்கு நரைக்க ஆரம்பிச்சிருக்கு."

அப்பா கை கழுவிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். புதிதாக வெட்டிய தலை.

"ஆமாக்கா."

"சின்ன வயசுதான். முடி இன்னும் தடியா இருக்கு பாரு. வீட்டுல என்ன கவலையோ, பாவம்."

"இருந்துச்சுக்கா. இப்பக் கொஞ்சம் பரவால்ல."

"உனக்கு அந்த ஆளைத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப சொல்லு. துண்டு நாளைக்குச் சுத்தமா வந்துடும், கவலைப்பட வேணாம்னு சொல்லு."

சரிக்கா என்றார். அத்தை அந்தத் துண்டை உதறி ஊறப்போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். அப்பா வேன் சாவியை எடுத்தபோது அவள் நிமிரவில்லை. அவர் வாசலுக்குப் போனார். பிறகு ஆணியில் தொங்கிய பூட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "வேன் பின்கதவுக்கு ஆகும், கீழே கொண்டு வா" என்றார். படியிறங்கும்போதே போனை எடுத்து, அந்தக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார்.

நான் மூச்சு வாங்க மேலே ஓடிவந்தேன். கதவு திறந்தபடியே இருந்தது. அத்தை உள்ளேதான் இருந்தாள்.

"எங்கடி போனே, வேலை நேரத்துல? மூலையைப் புடி."

பிடித்தேன் அக்கா. இப்போது துணி காய்கிற நேரம், அதில்தான் இதை எழுதுகிறேன். அத்தை வாசலில் நின்று படிக்கட்டைப் பார்க்கிறாள். நான் இங்கிருந்தே அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடிதத்தை இத்தோடு முடிக்கிறேன், கொடியில் முதல் துண்டு காய்ந்திருக்கும்.

மூலையைப் பிடிக்கத் தெரிந்துவிட்ட, உன் புழு.